கெய்ர்சோப்பா: கரி தீர்ந்த சரக்குக் கப்பலை 1:200 அளவில் கட்டிய பதிவு

1941இல் அட்லான்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்த எஸ்.எஸ். கெய்ர்சோப்பா என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலைத் தேடிப் பாருங்கள், வெள்ளிக்கட்டி, வெள்ளிக்கட்டி, மறுபடியும் வெள்ளிக்கட்டி என்றுதான் வரும். 4,700 மீட்டர் ஆழத்திலிருந்து சுமார் நூறு டன் வெள்ளியை மேலே கொண்டுவந்தால் அப்படித்தான் வரும், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கப்பலை மாதிரியாகக் கட்ட உட்கார்ந்தால் வெள்ளிக்கு வேலையே இல்லை, அது ஏதோ ஒரு சரக்கறையில் மூடிக் கிடக்கிற சமாச்சாரம். கட்டுகிறவன் மல்லுக்கட்ட வேண்டியது நிலக்கரி அறையோடுதான். கப்பலை மூழ்கடித்தது டார்பிடோ. அந்த டார்பிடோ வரும் வழியில் கப்பலைத் தன்னந்தனியாகக் கொண்டுபோய் நிறுத்தியது கரிப் பற்றாக்குறை. இந்த மாதிரியை அதைக் காட்டுவதற்காகவே கட்டினேன்.

முதலில் கப்பலைப் பற்றிக் கொஞ்சம். டைன் நதிக்கரையில் ஹெப்பர்னில் பால்மர்ஸ் கம்பெனி 1919இல் கட்டியது. முதல் உலகப்போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கடலடிக்கு அனுப்பிவைத்த கப்பல்களுக்கு ஈடுகட்ட, பிரிட்டிஷ் அரசு ஒரே அச்சில் வரிசையாகச் சரக்குக் கப்பல்களைக் கட்டச் சொன்னது. அந்த வரிசைக்கெல்லாம் 'வார்' என்று தொடங்கும் பெயர்கள்தான், இதற்கும் 'வார் ரோபக்' என்று முடிவு செய்திருந்தார்கள். கப்பல் தண்ணீரில் இறங்குவதற்குள் போர் முடிந்துவிட்டது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி, சுருக்கமாக பி.ஐ., அதை வாங்கித் தன் வழக்கப்படி ஓர் இந்தியப் பெயரை வைத்தது. கர்நாடகத்து ஜோக் அருவிக்கு கெர்சொப்பா அருவி என்றும் பெயர் உண்டல்லவா, அதுதான். 5,237 டன், ஏறக்குறைய 400 அடி நீளம், 52 அடி அகலம், மூன்று சிலிண்டர் நீராவி எந்திரம், ஒரே ப்ரொப்பல்லர். அழகுக்காக யாரும் இதைப் பார்க்க வரமாட்டார்கள். சரக்கு ஏற்றுவது, நகர்வது, இறக்குவது, அவ்வளவுதான் இதன் தொழில்.

1940 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து கிளம்பியது. வார்ப்பிரும்பு, தேயிலை, தபால் மூட்டைகள், கூடவே வெள்ளி. இத்தாலி போரில் இறங்கியபின் மத்தியதரைக் கடல் வழி சரக்குக் கப்பல்களுக்கு அடைபட்டுப்போனது, அதனால் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் இங்கிலாந்து போகவேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனில் மற்ற கப்பல்களோடு சேர்ந்து 1941 ஜனவரி 30 அன்று எஸ்.எல். 64 என்ற கான்வாயில், அதாவது கூட்டமாகப் போகும் கப்பல் அணியில், புறப்பட்டது. அதே நாளில் அதே துறைமுகத்திலிருந்து எஸ்.எல்.எஸ். 64 என்று மெதுவான கப்பல்களின் கூட்டம் ஒன்றும் கிளம்பியது. காவலுக்கு ஒரு போர்க்கப்பல்கூட இல்லாமல் போன அந்தக் கூட்டத்தை பிப்ரவரி 12 அன்று ஜெர்மன் குரூசர் 'அட்மிரல் ஹிப்பர்' பிடித்து ஏழு கப்பல்களை மூழ்கடித்தது. அந்தக் கடல் அப்போது எப்படி இருந்தது என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

சரி, கட்டுமானத்துக்கு வருவோம்.

1:200 என்றால் நீளம் 61 செ.மீ., அகலம் 8 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. மேசையில் வைக்கலாம், அலமாரியிலும் அடங்கும். பலர் நீர்மட்டத்தோடு வெட்டிய மாதிரியைத்தான் செய்வார்கள், வேலை பாதி. எனக்குக் கரி அறை உள்ளே தெரியவேண்டும், ஆகவே அடிப்பாகத்தோடு சேர்த்து முழு உடல். இந்த ஒரு கப்பலின் தனி வரைபடத்தை வைத்து நான் கட்டவில்லை. இது வரிசைக் கப்பல் என்பதால் அந்த ரகத்தின் பொது அமைப்பு வரைபடத்தையும் பி.ஐ.யின் பழைய புகைப்படங்களையும் எடுத்துக்கொண்டேன். போர்க்கால அவசரத்தில் வரைந்த கப்பலில் மாதிரி கட்டுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு: நடுப்பகுதி முழுக்க ஒரே குறுக்குவெட்டு. வளைவு நெளிவெல்லாம் மூக்கிலும் வாலிலும் மட்டும்தான்.

உடலுக்கு 5 மி.மீ. சன்போர்டு, அதாவது நுரைப் பிளாஸ்டிக் பலகை. போர்டு எழுதுகிற கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கேட்டாலே கிடைக்கும். மேல்தளம் வரை 4.3 செ.மீ. உயரம், ஆக ஒன்பது அடுக்கு. ஒவ்வோர் அடுக்கையும் வரைபடத்தில் அந்த உயரத்துக்கான வடிவில் வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவேண்டும். சாதாரண வெள்ளைப் பசை இதில் பிடிக்காது, காற்று புகாத பரப்பில் அது காயவே காயாது. செருப்புத் தைக்கிறவர்கள் வைத்திருக்கும் மஞ்சள் ரப்பர் பசைதான் சரி. இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை விட்டு, அப்புறம் அழுத்தவேண்டும். அழுத்திவிட்டால் திருத்த முடியாது, ஆகவே மூக்கிலும் வாலிலும் துளைபோட்டு ஓர் ஆணியைச் செருகி அடுக்குகளை வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். ஒட்டியபின் படிக்கட்டாக நிற்கும் ஓரங்களை 80ஆம் நம்பர் உப்புத்தாளால் இழைத்து, பட்டி பார்த்து, மறுபடி 220, மறுபடி பட்டி. கார் பெயின்ட் கடையில் கிடைக்கும் என்.சி. பட்டியை நேராகப் பூசினால் அதிலுள்ள தின்னர் சன்போர்டை இளக்கிவிடும். முதலில் அக்ரிலிக் பிரைமர் ஒரு கை ஓட்டிவிட்டுப் பூசுவது நல்லது. இந்தக் கட்டத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. தூசி, தும்மல், பொறுமை.

இனி கரி அறை. இந்த ரகத்தில் கேப்டன் கப்பலைச் செலுத்தும் பிரிட்ஜும் புகைபோக்கியும் ஒரே கட்டடத்தில் இருக்காது. பிரிட்ஜ் முன்னால், புகைபோக்கி பின்னால், நடுவில் ஒரு சிறிய ஹேட்ச், அதாவது கீழறைக்கு இறங்கும் தளத்துத் திறப்பு. அந்த ஹேட்சுக்குக் கீழே கப்பலின் அகலம் முழுக்க நிற்கும் அறைதான் பங்கர், அதையொட்டிப் பின்னால் கொதிகலன்கள். ஒட்டுவதற்கு முன்பே அடி அடுக்கைத் தவிர மற்ற எல்லா அடுக்கிலும் அந்த இடத்தில் ஒரு செவ்வகத்தை வெட்டியெடுத்துவிட்டேன்: 7 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. நீளம், 4 செ.மீ. ஆழம். இடப்பக்கச் சுவரில் ஓர் அக்ரிலிக் சன்னல். கணக்குப் போட்டால் 70 மில்லி கொள்ளும்.

இந்த எண் எனக்கு ஏன் பிடித்துப்போனது என்றால், இந்த அளவுக் கப்பல் நாளுக்கு 25 முதல் 35 டன் கரி எரிக்கும், நடுவாக 30 என்று வைப்போம். ஒரு டன் கரிக்கு சுமார் ஒன்றேகால் கனமீட்டர் இடம் வேண்டும், ஆக ஒரு நாள் கரி 37.5 கனமீட்டர். 1:200இல் கன அளவு 80 லட்சத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். வகுத்துப் பார்த்தால் 4.7 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன். ஒரு நாளுக்கு ஒரு டீஸ்பூன் கரி! அடுப்புக்கரியை இடித்து டீ வடிகட்டியில் சலித்து, ஜனவரி 30 முதல் பிப்ரவரி 14 வரைக்கும் ஆகும் கரியை அறைக்குள் போட்டேன். கிட்டத்தட்ட விளிம்புவரை வந்து நின்றது. உண்மையான கப்பலின் மொத்தக் கொள்ளளவு இது என்று சொல்லவில்லை. ஃப்ரீடவுனிலிருந்து அந்த நாள்வரை எரிந்திருக்கக்கூடிய கரி இவ்வளவு இடத்தை அடைக்கும் என்பதுதான் கணக்கு.

அப்புறம் கொதிகலன் பக்கச் சுவரின் அடியில் வைத்த சின்னக் கதவு வழியாக ஒவ்வொரு ஸ்பூனாக எடுத்துப் பாருங்கள். முதல் சில ஸ்பூன்கள் தானாகவே சரிந்து கதவண்டை வந்து விழும். பாதி தாண்டியதும் சரிவு நின்றுவிடும், மிச்சமெல்லாம் இரண்டு பக்க மூலைகளில் மேடாக ஒட்டிக்கொண்டு நிற்கும். கடைசி ஸ்பூன்களைத் தூரிகையை விட்டுக் கூட்டித்தான் எடுக்கமுடியும். கப்பலில் இந்தத் தூரிகை வேலைக்கு ஆட்கள் இருந்தார்கள், டிரிம்மர்கள். அடுப்பில் கரி போடுகிறவருக்கு முன்னால், பங்கரின் இருட்டில் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாகக் கரியை இழுத்துவந்து கொட்டுவது அவர்கள் வேலை. கரி குறையக் குறைய தூரம் கூடும், வேலையும் கூடும், அதுவும் கப்பல் புயலில் உருண்டுகொண்டிருக்கும்போது. பி.ஐ. கப்பல்களில் எந்திர அறையின் இந்த வேலையெல்லாம் சாரங், டிண்டல் என்ற மேஸ்திரிகளின் கீழ் இந்திய மாலுமிகளே பார்த்தார்கள். பிரிட்டிஷ்காரர்கள் லஸ்கர் என்று மொத்தமாகக் கூப்பிட்டது இவர்களைத்தான்.

கரி ஏன் போதவில்லை? மணிக்கு எட்டு கடல்மைல் வேகக் கான்வாய் ஒரு நாளைக்கு 192 கடல்மைல் போகவேண்டும், காகிதத்தில். எதிர்க்காற்றும் பேரலையும் வந்துவிட்டால் ப்ரொப்பல்லர் சுற்றுகிறது, கரி எரிகிறது, கப்பல் மட்டும் நகர்வதில்லை. வேகத்தைக் கூட்டினாலோ இன்னும் மோசம், தேவைப்படும் சக்தி ஏறக்குறைய வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். கூடுதலாகக் கரி ஏற்றிக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். ஏற்றும் ஒவ்வொரு டன் கரிக்கும் ஒரு டன் சரக்கைக் குறைக்கவேண்டும், சரக்குக் கப்பலின் வடிவமைப்பிலும் அதை நடத்துகிறவர்கள் மனதிலும் சரக்குக்குத்தான் முதலிடம். பிப்ரவரி 14 அன்று, கான்வாயோடு கடைசிவரை போகக் கரி காணாது என்ற நிலையில், கேப்டன் ஜெரால்ட் ஹைலண்ட் கூட்டத்தைவிட்டுப் பிரிந்து அயர்லாந்தின் மேற்குக்கரையிலிருக்கும் கால்வே துறைமுகத்தை நோக்கித் திருப்பினார். அயர்லாந்து போரில் நடுநிலை நாடு, அந்தப் பக்கம் இருந்த பக்கத்துத் துறைமுகமும் அதுதான். எனக்குத் தெரிந்து வேறு நல்ல முடிவு அவரிடம் இல்லை.

நீர்மட்டக் கோடு வரையும்போது இதே கரி மறுபடி குறுக்கே வந்தது. இந்த நீள அகலக் கப்பலை ஒரு செ.மீ. மேலே எழுப்ப ஏறக்குறைய 16 டன் எடை குறையவேண்டும். 450 டன் கரி எரிந்தால் கப்பல் 28 செ.மீ. எழும்பியிருக்கும், மாதிரியில் 1.4 மி.மீ. முழுச் சுமையில் இந்த ரகத்தின் தாழ்தளம் கடல்மட்டத்துக்கு மேலே சுமார் இரண்டே மீட்டர், அதாவது மாதிரியில் வெறும் ஒரு சென்டிமீட்டர்; அட்லான்டிக் குளிர்காலத்தில் அந்தத் தளத்தில் அலை ஏறிப் புரளுவது அன்றாட விஷயம். நான் ஃப்ரீடவுனில் கிளம்பியபோதைய நீர்மட்டத்துக்கு மெல்லிய வெள்ளைப் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அதற்கு 1.4 மி.மீ. கீழே பிப்ரவரி 14க்கு இன்னொரு கோடும் போட்டேன். பார்க்க வருகிறவர்கள் இரண்டு கோடு எதற்கு என்று கேட்பார்கள். கேட்கவேண்டும் என்றுதான் போட்டது.

ஹேட்ச் மூடிகள் சுலபம். அக்காலத்தில் இரும்பு மூடி கிடையாது, மரப்பலகைகளை அடுக்கி, மேலே அடுக்கடுக்காகத் தார்ப்பாய் விரித்து, ஓரத்தில் இரும்புப் பட்டை வைத்து மர ஆப்பு அடித்து இறுக்குவார்கள். டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்து அட்டைப் பெட்டியின்மேல் போர்த்தினால் தார்ப்பாயின் சுருக்கம் அப்படியே வரும். சரக்குத் தூக்கும் டெரிக்குகளுக்கு ஊதுபத்திக் குச்சி, மூங்கில் என்பதால் இழைத்து ஒரு முனையைக் கூராக்கலாம், முறியாது. மாஸ்ட்டுகளுக்கு சைக்கிள் ஸ்போக், 2 மி.மீ. கனம் என்றால் அசலில் 40 செ.மீ., கொஞ்சம் ஒல்லிதான், அடியில் மட்டும் ஒரு சுற்று காகிதம் சுற்றிப் பருமனாக்கினேன். கைப்பிடிக் கம்பிகளுக்குப் பலகையில் சிறு ஆணிகளை அடித்து, ஒயருக்குள் இருக்கும் செப்பு இழைகளை அதில் கட்டி சால்டர் வைத்தேன். காற்றுப்போக்கிகளின் வளைந்த வாய்தான் தொல்லை. சால்டர் ஈயத்தை வளைத்து முனையை காம்பஸ் ஊசியால் குடைந்து விரிக்கவேண்டும், பத்து செய்தால் நாலு தேறும்.

ஏரியல் கம்பிக்குத் தீர்ந்துபோன பேனா ரீஃபிலைக் கழுவி, மெழுகுவத்திக்கு மேலே காட்டி இளகியதும் இழுத்தால் தலைமுடியைவிட மெல்லிசான இழை கிடைக்கும். முன் மாஸ்ட்டின் உச்சியிலிருந்து பின் மாஸ்ட்டின் உச்சிக்குக் கட்டவேண்டும், நடுவிலிருந்து ஓர் இழை கீழே வயர்லெஸ் அறைக்கு இறங்கும். கட்டி முடித்ததும் முன் மாஸ்ட்டை விரலால் லேசாகச் சாய்த்துப் பாருங்கள். மொத்தக் கம்பியும் தொய்ந்து தளத்தில் விழும். நடந்ததும் இதுதான். பிப்ரவரி 16 காலை ஒரு ஜெர்மன் நெடுந்தூர விமானம், ஃபோக்-வுல்ஃப் காண்டோர், கப்பலை வட்டமிட்டுவிட்டுப் போனது. அன்று மாலை எர்ன்ஸ்ட் மெங்கர்சன் தலைமையிலான யு-101 நீர்மூழ்கி கப்பலைப் பார்த்துப் பின்தொடர்ந்தது, நள்ளிரவையொட்டி டார்பிடோவை விட்டது. அது தாக்கியது இரண்டாம் சரக்கறையை. மாதிரியில் பார்த்தால் தெரியும், முன் மாஸ்ட் நிற்பது முதலாம், இரண்டாம் ஹேட்சுகளுக்கு நடுவில். மாஸ்ட் சாய்ந்தது, ஏரியல் அறுந்தது, உதவி கேட்டு ஒரு வார்த்தைகூட அனுப்ப முடியவில்லை. சுமார் 20 நிமிடத்தில் கப்பல் போய்விட்டது. கான்வாய் எங்கோ இருக்கிறது, கால்வே எங்கோ இருக்கிறது, கப்பல் மூழ்கியது கரையில் யாருக்கும் தெரியாது.

பெயின்ட் பற்றி ஒரு பத்தி. பி.ஐ.யின் புகைபோக்கி கறுப்பு, அதில் இரண்டு வெள்ளை வளையம்; ஊரறிந்த அடையாளம். போர்க்காலத்தில் வணிகக் கப்பல்களுக்கு முழுக்கச் சாம்பல் பெயின்ட் அடித்துவிடுவார்கள், ஆகவே முழுக்கச் சாம்பல் அடிப்பதுதான் பாதுகாப்பான முடிவாகத் தோன்றும். ஆனால் 2011இல் கடலடியில் கப்பலைக் கண்டுபிடித்தபோது, இதுதான் கெய்ர்சோப்பா என்று உறுதிசெய்ய உதவியவற்றில் உடலில் மிஞ்சியிருந்த சிவப்பும் கறுப்புமான பெயின்டும் ஒன்று. எனவே உடல் கறுப்பு, நீர்மட்டத்துக்குக் கீழே சிவப்பு, மேல்கட்டடங்களும் புகைபோக்கியும் சாம்பல். வெள்ளை வளையங்களை விட்டுவிட்டேன். அப்பட்டமான கறுப்பு அடிக்காதீர்கள், இந்த அளவில் அது தார்ச்சாலை மாதிரி இருக்கும்; ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் கலந்தால் கண்ணுக்கு ஒத்துக்கொள்கிறது. வார்னிஷ் மேட் மட்டும்தான்.

கப்பல் முடிந்தது, ஆனால் கதை முடியவில்லை, ஏனென்றால் 1:200இல் லைஃப்போட் என்பது நான்கு சென்டிமீட்டர் சமாச்சாரம், அதில் எதுவும் தெரியாது. ஆகவே படகை மட்டும் தனியாக 1:48இல் செய்தேன். இரண்டாம் அதிகாரி ரிச்சர்ட் ஏர்ஸ் பொறுப்பில் ஒரு படகு, அதில் 31 பேர், பெரும்பாலோர் இந்திய மாலுமிகள். மற்ற படகுகளில் போனவர்கள் யாரும் கரை சேரவில்லை. அக்காலச் சரக்குக் கப்பல்களில் சாதாரணமாக இருந்த 26 அடிப் படகை எடுத்துக்கொண்டேன், 8 அடி அகலம். 1:48இல் 16.5 செ.மீ.க்கு 5 செ.மீ. ஐஸ்கிரீம் குச்சிகளை வெந்நீரில் ஊறவைத்து வளைத்துப் பலகை பலகையாக ஒட்டினால் அசல் படகு போலவே வரும். விதிப்புத்தகக் கணக்கில் நீளம், அகலம், ஆழத்தைப் பெருக்கி அதை 0.6ஆல் பெருக்கி, ஆளுக்குப் பத்து கனஅடி என்று வகுப்பார்கள். இந்தப் படகில் 40 பேர் போகலாம் என்று வருகிறது. 31 பேர் தாராளம், விதிப்படி.

எம்-சீலில் கம்பி வைத்து 31 ஆட்களைச் செய்தேன், நின்றால் ஒவ்வொருவரும் 3.5 செ.மீ. உட்காரவைக்கும்போதே முட்டி முன்னால் இருப்பவரின் முதுகில் இடிக்கிறது. குறுக்குப் பலகைகளில் மும்மூன்று பேர், பக்கப் பலகைகளில் மீதிப்பேர், துடுப்புப் போட ஆள் எழும்பினால் பக்கத்தில் நாலு பேர் நகரவேண்டும். ஒருவரைப் படுக்கவைக்கலாம் என்று பார்த்தால் மூன்று பேரின் இடம் போய்விடுகிறது. துடுப்புகள், பாய், பாய்மரம், நங்கூரக் கயிறு, பிஸ்கட் டப்பா, தண்ணீர்ப் பீப்பாய் எல்லாமும் இதே இடத்துக்குள்தான். தண்ணீர்? 1929 உடன்பாட்டு விதி ஆளுக்கு ஒரு குவார்ட் என்றது, ஒன்றேகால் லிட்டர்கூட இல்லை. 31 பேருக்கு 35 லிட்டர். 1:48இல் அந்தப் பீப்பாய் 7 மி.மீ. விட்டம், 8 மி.மீ. உயரம். படகில் எல்லாவற்றையும் வைத்தபின் அதை எங்கே வைத்தோம் என்று தேடவேண்டியிருக்கிறது.

13 நாள். பிப்ரவரி மாத வட அட்லான்டிக், திறந்த படகு, 300 மைலுக்குமேல், சராசரி போட்டால் மணிக்கு ஒரு மைல். குளிரிலும் தாகத்திலும் ஆட்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள். மார்ச் 1 அன்று தென்மேற்கு இங்கிலாந்தில், கார்ன்வாலின் லிசார்ட் முனையில் கேர்த்திலியன் என்ற சிறு குடாவுக்குப் பக்கம் படகு வந்தது. அதுவரை தாக்குப்பிடித்திருந்த மிகச்சிலரும் கரையை ஒட்டி அலை படகைப் புரட்டியதில் போனார்கள், ஏர்ஸ் மட்டும் உயிரோடு எடுக்கப்பட்டார். கப்பலில் இருந்த 86 பேரில் மிஞ்சியவர் அவர் ஒருவர்தான். எம்.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரசு விருது கொடுத்தார்கள். 1992இல் இறந்தார். இறந்தவர்களில் பிரிட்டிஷ் மாலுமிகளின் பெயர்கள் லண்டன் டவர் ஹில் நினைவகத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இந்திய மாலுமிகளுக்கு மும்பையிலும் சிட்டகாங்கிலும் நினைவகம். அங்கே பெயர்கள் சுவரில் இல்லை, 6,000க்கும் மேற்பட்டவர்களின் பட்டியலாக ஒரு புத்தகத்தில் இருக்கின்றன. எனக்கு இது உறுத்துகிறது, சொல்லிவிட்டு நகர்கிறேன்.

மாதிரி கையில் இருந்தால் ஆழத்தைப் புரிந்துகொள்வதும் சுலபம். 4,700 மீட்டரை 200ஆல் வகுத்தால் 23.5 மீட்டர். எட்டு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரில் இந்த மாதிரியை வைத்தால் கடலடி கீழே தெருவில் இருக்கும். டைட்டானிக் கிடப்பது அதற்கு ஒன்றரை மாடி மேலே. மேலேயிருந்து அந்தத் தெருவுக்குக் கயிற்றில் இறக்கிய ஒரு ரோபோ, 61 செ.மீ. கப்பலின் ஹேட்சுக்குள் கையை விட்டு, ஒவ்வொன்றும் 35 கிலோ எடையுள்ள கட்டிகளை எடுக்கவேண்டும். ஒடிசி மரைன் எக்ஸ்ப்ளோரேஷன் என்ற அமெரிக்கக் கம்பெனி இதைச் செய்தது. கப்பல் நேராக உட்கார்ந்திருந்ததும் சரக்கறைகள் திறந்து கிடந்ததும் அவர்களுக்குத் தோதாகிவிட்டது. 2012இல் 1,218 கட்டிகள், 2013இல் 1,574. போர்க்காலத்தில் காப்பீட்டுப் பணம் கொடுத்துவிட்டதால் வெள்ளி பிரிட்டிஷ் அரசுக்குச் சொந்தம். செலவு போக மதிப்பில் 80 சதவீதம் கம்பெனிக்கு என்று ஒப்பந்தம். முழு ரிஸ்க்கும் கம்பெனி தலையில் என்பதால் அந்தப் பங்கு எனக்கு அநியாயமாகத் தோன்றவில்லை. அந்த வெள்ளியின் ஒரு பகுதியில் ராயல் மின்ட் நாணயமும் அடித்து விற்றது.

வெள்ளியைத் தேடும்போது கிடைத்த இன்னொன்றுதான் எனக்கு ஆச்சரியம். தபால் மூட்டைகள். இந்தியாவிலிருந்து சிப்பாய்களும் மிஷனரிகளும் வியாபாரிகளும் 1940 கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஊருக்கு எழுதிய 700க்கும் மேற்பட்ட கடிதங்கள், 70 வருஷத்துக்குமேல் கடலடியில் கிடந்தும் படிக்கக்கூடிய நிலையில் வந்தன. வெளிச்சமில்லை, ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை, உறைநிலைக்குச் சற்றே மேலான குளிர், மேலே சரக்கும் சேறும் அமுக்கிக்கொண்டிருந்தன; காகிதத்தைத் தின்னும் எதுவும் உள்ளே போகவில்லை. 2018இல் லண்டன் தபால் அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. மாதிரியில் மூன்றாவது சரக்கறையின் மூடியை எடுத்தால் தெரிகிற மாதிரி, சாக்குத் துணியில் பட்டாணியளவு தபால் மூட்டைகள் கொஞ்சம் செய்து போட்டிருக்கிறேன். இருந்த இடம் அதுதான் என்று அர்த்தமில்லை, மூடி கழற்ற வசதியான அறை அது. வெள்ளிக்கட்டி எதுவும் செய்யவில்லை.

பெயர்ப்பலகையில் கப்பல் பெயர், கட்டிய ஆண்டு, கான்வாய் எண், மூழ்கிய தேதி, 86க்கு 85 என்று மட்டும் போட்டேன். பக்கத்தில் ஒரு டீஸ்பூன் கரியைச் சின்ன கண்ணாடிக் குப்பியில் போட்டு 'ஒரு நாள்' என்று எழுதி வைத்தாயிற்று.

கட்ட நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். மழைக்காலத்தில் ஊதுபத்திக் குச்சி ஈரம் இழுத்து வளையும், வார்னிஷ் ஒரு கை ஓட்டிவிட்டுப் பொருத்துங்கள். ரீஃபில் இழை வெயிலில் தொய்யும். எரியும் ஊதுபத்தியின் நெருப்பு முனையை ஓர் அங்குலம் தள்ளிக் காட்டினால் தானாக இழுத்து விறைத்துக்கொள்ளும், தொட்டுவிட்டால் அறுந்துபோகும். அடுத்ததாக மன்டோலா என்று யோசனை. அதுவும் பி.ஐ. கப்பல்தான், 1917 பிப்ரவரியில் யு-81 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது, கெய்ர்சோப்பாவைத் தேடப்போன அதே ஆண்டில் அதே கம்பெனியே இதையும் கண்டுபிடித்தது. பயணிகள் கப்பல் என்பதால் பக்கவாட்டில் வரிசை வரிசையாக வட்டச் சன்னல்கள், அத்தனையையும் நேர்கோட்டில் துளைக்க ஒரு தகட்டு அச்சு முதலில் செய்தாகவேண்டும். 0.8 மி.மீ. டிரில் பிட் வாங்கி வைத்திருக்கிறேன்.